மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் வசிய மந்திர விதிகளும் பொருள்கோளும்

ஆய்வுச் சுருக்கம்

பிறர் மனத்தை மாற்றும் மந்திரங்களுக்கான விதிகள், ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் பதிப்புகளில் எவ்வாறு மாறியுள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விதிகளின் சொற்களுக்குப் பொருள் கொள்ளும்போது எழும் சிக்கல்களையும், அவை பங்கேற்பாளரின் முடிவெடுக்கும் உரிமையைத் தொடும் விதத்தையும் இது விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, வசியம், விதி, பொருள்கோள், ஆட்ட நடுவர்.

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. இவ்விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்கின்றனர். அம்மாந்தர் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதே அவர்களின் பங்கேற்பாகும். உலகையும் பிற மாந்தரையும் ஆட்ட நடுவர் இயக்குகிறார். வாள்வீச்சின் விளைவை எண்ணால் கூறிவிடலாம். மனமாற்றத்தின் விளைவை அவ்வாறு கூற இயலாது. அதற்கு விதியின் சொற்களைப் பொருள்கொள்ள வேண்டியுள்ளது.

அடிமைநிலையிலிருந்து நட்புக்கு

‘சார்ம் பெர்சன்’ என்னும் மந்திரம் 1974ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடம்பெற்றது. அதன்படி, மந்திரம் நீக்கப்படும் வரை இலக்கானவர் மந்திரவாதியின் முழுச் செல்வாக்கின்கீழ் இருப்பார். தமிழில் ‘வசியம்’ என்னும் சொல் தரும் பொருளுக்கு இது மிக நெருங்கியது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு, வழக்கமாகச் செய்யாத ஒன்றை இலக்கானவர் செய்ய வேண்டுமாயின் கவர்திறன் அடிப்படையில் எதிரெதிர்ப் பகடை உருட்ட வேண்டும் என்றது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் இலக்கானவர் மந்திரவாதியை நட்பான அறிமுகமானவராகக் கருதுகிறார், அவ்வளவே. ஒரு மணிநேரம் கடந்து மந்திரம் முடிந்ததும், தாம் வசியப்படுத்தப்பட்டதை அவர் உணர்ந்துவிடுவார்.

கோட்டை வாயிற்காவலர் ஒருவர் இம்மந்திரத்திற்கு ஆட்பட்டதாகக் கொள்வோம். ‘கதவைத் திற’ என்றதும் அவர் திறப்பாரா? வசியம் என்ற சொல்லின் வழக்குப் பொருளைக் கொண்டால் திறப்பார். விதியின் பொருளைக் கொண்டால் விடை வேறு. அறிமுகமான ஒருவருக்காக அவர் தம் பணியை இழக்கத் துணிவாரா என்பதே கேள்வி. ஐயம் எழுந்தால் கவர்திறன் சோதனை நடத்தப்படும். அதில் மந்திரவாதிக்கு இருபதுமுகப் பகடைகள் இரண்டை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளும் சாதகம் உண்டு. மேலும், வசியநிலை மந்திரவாதியைத் தாக்குவதை மட்டுமே தடுக்கிறது. அவருடைய தோழரைத் தாக்குவதைத் தடுப்பதில்லை.

‘நியாயம்’ யாருடையது?

‘சஜெஷன்’ மந்திரம் ஓரிரு வாக்கியங்களில் ஒரு செயலைச் செய்யத் தூண்டுவது. எட்டு மணிநேரம் வரை நீடிக்கக்கூடியது. 2014ஆம் ஆண்டு விதிப்படி, அச்செயல் நியாயமானதாகத் தோன்றும் வகையில் தூண்டுதல் சொல்லப்பட வேண்டும். இதற்கு இரு பொருள்கள் கொள்ளப்படுகின்றன. செயலே நியாயமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. சொல்லும் முறையில் நியாயம் தோன்றினால் போதும் என்பது மற்றொன்று. வீராங்கனை ஒருவர் எதிர்ப்படும் முதல் இரவலருக்குத் தம் போர்க்குதிரையைக் கொடுத்துவிடுவதை விதிநூலே எடுத்துக்காட்டாகத் தருகிறது. போர்வீரருக்கு இச்செயல் இயல்பானதன்று. எனவே இரண்டாம் பொருளே நூலின் கருத்துக்கு இயைபுடையது. எனினும் வெளிப்படையாகத் தீங்கு விளைவிக்கும் செயலைக் கோரினால் மந்திரம் முறிந்துவிடும்.

2024ஆம் ஆண்டுத் திருத்தம் ‘நியாயம்’ என்னும் சொல்லை நீக்கியது. தூண்டப்படும் செயல் செய்யக்கூடியதாகத் தோன்ற வேண்டும். இலக்கானவருக்கோ அவரைச் சார்ந்தோருக்கோ வெளிப்படையாகச் சேதம் விளைவிக்கக் கூடாது. இதனால் முன்னைய ஐயம் நீங்கிற்று. ஆயினும் புதிய இடைவெளி ஒன்று தோன்றிற்று. ‘தீங்கு’ பரந்த பொருளுடைய சொல். ‘சேதம்’ இவ்விளையாட்டில் உயிர்ப்புள்ளிகள் குறைவதைச் சுட்டும் கலைச்சொல். நம்பிக்கைத் துரோகமும் மானக்கேடும் தீங்காகலாம், சேதமாகா. உடலைக் காக்கும் இவ்விதி மனத்தையும் உறவையும் காப்பதை ஆட்ட நடுவரிடம் விட்டுவிடுகிறது.

பங்கேற்பாளரின் உரிமை

நடுவர் இயக்கும் மாந்தர் வசியப்படும்போது எவரும் எதையும் இழப்பதில்லை. பங்கேற்பாளரின் மாந்தர் வசியப்பட்டாலோ, அவருடைய ஒரே உரிமையான முடிவெடுத்தல் பறிபோகிறது. இதை விதிகளும் ஓரளவு கருத்திற் கொண்டுள்ளன. முழுக் கட்டுப்பாட்டைத் தரும் ‘டாமினேட் பெர்சன்’ மந்திரத்தின் கால அளவு, ஐந்தாம் படிநிலையில் பயன்படுத்தும்போது, ஒரு நிமிடமே. சேதமுறும் ஒவ்வொரு முறையும் இலக்கானவர் அதிலிருந்து விடுபட மீண்டும் உருட்டலாம்.

விதிக்கு அப்பாற்பட்ட ஏற்பாடுகளும் உள்ளன. ஆட்டத்திற்கு முன்பே எல்லைகளைப் பேசி முடிவுசெய்யும் தொடக்க அமர்வை 2020ஆம் ஆண்டு வெளியான ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ என்னும் துணைநூல் விளக்குகிறது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வடிவமைத்த எக்ஸ் அட்டையைத் தொட்டு, விரும்பாத நிகழ்வை எவரும் காரணம் கூறாமலேயே நிறுத்தலாம். மாந்தர் வசியப்பட்ட நிலையிலும், கட்டளையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை அவருக்குரிய பங்கேற்பாளரிடமே விடுவது இவ்வுரிமையின் ஒரு பகுதியைக் காக்கும்.

முடிவுரை

வசிய விதிகளின் வரலாறு, முழு ஆட்படுத்தலிலிருந்து வரையறுக்கப்பட்ட நட்புக்கு நகர்ந்த வரலாறாகும். சொல்லின் வழக்குப் பொருளை விடுத்து விதி கூறும் அளவிற்கே பொருள் கொண்டால் பெரும்பாலான பிணக்குகள் தீரும். சொற்கள் கூறாது விடும் இடத்தில், மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரின் இசைவே அளவுகோலாதல் வேண்டும். மந்திரம் கற்பனை மாந்தரின் மீது செலுத்தப்படுவது. அதன் விளைவைத் தாங்குபவரோ மெய்யான மனிதர்.