இல்லத்தின் அலங்காரமும் இருப்பவர் வாழ்க்கையும்

புதிதாக வீடு கட்டி முடித்தவர்களும், அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பகுதியை வாங்கியவர்களும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த கையோடு ஆலோசிக்கத் தொடங்குகிற விஷயம், உட்புறத்தை எந்தப் பாணியில் அலங்கரிப்பது என்பதாகும். வண்ணப் படங்கள் நிறைந்த சஞ்சிகைகளும், அலங்கார நிபுணர்கள் கொண்டுவந்து விரிக்கும் மாதிரிப் புத்தகங்களும், ஸ்காண்டிநேவியப் பாணி, ஜப்பானியப் பாணி, செட்டிநாட்டுப் பாணி என்று வரிசையாகப் பெயர்களைச் சொல்லி, ஜவுளிக்கடையில் புடைவை எடுப்பதைப் போல இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகின்றன. ஆனால் எந்தப் பாணியும் வெறும் தோற்றமாகப் பிறந்ததில்லை. ஒரு பிரதேசத்தின் சீதோஷ்ணமும், அங்கே கைக்கு எட்டிய பொருள்களும், அங்கே வாழ்ந்தவர்களின் பழக்கவழக்கங்களும் சேர்ந்துதான் அதை உருவாக்கியிருக்கின்றன. அந்தக் காரணங்களை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால், பார்ப்பதற்கு அழகாகவும் வசிப்பதற்கு அசௌகரியமாகவும் உள்ள ஒரு வீடே மிஞ்சும்.

ஸ்வீடன் தேசத்தை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் பகற்பொழுது ஏறக்குறைய ஆறு மணி நேரமே நீடிக்கிறது; வடக்கே செல்லச் செல்ல அதுவும் சுருங்கி, சூரியனே உதிக்காத நாட்களும் உண்டு. இத்தகைய தேசத்து மக்கள், கிடைக்கிற சிறிது வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறை முழுவதும் பரவச் செய்ய விரும்பிச் சுவர்களுக்கு வெளிறிய வர்ணம் பூசியதும், பைன், பிர்ச் முதலிய வெண்ணிற மரங்களில் மேஜை நாற்காலிகளைச் செய்துகொண்டதும் இயல்பே. கார்ல் லார்சன் என்னும் ஓவியரும் அவருடைய மனைவி கரீனும் சுண்ட்போர்ன் கிராமத்தில் அமைத்துக்கொண்ட வீடு, 1899-இல் வெளிவந்த லார்சனின் சித்திரப் புத்தகத்தின் மூலமாகப் பிரசித்தி பெற்று, வெளிச்சமும் எளிமையும் நிறைந்த இல்லம் எப்படியிருக்கும் என்பதை அந்நாட்டவருக்கு எடுத்துக் காட்டியது. அதே வெண்மையை மதுரையில் மேற்குப் பார்த்த ஓர் அறையில் பூசி, ஜன்னலையும் மறைப்பின்றி விட்டுவிட்டால், பிற்பகல் வெயில் சுவரில் மோதிக் கண்ணைக் கூசச் செய்யும். அவர்களுக்கு வெளிச்சம் அருமை. நமக்கோ நிழல் அருமை.

ஜப்பானியர் இல்லத்தின் சிறப்பு வேறு வகையானது. விருந்தினரை வரவேற்கும் அறையின் ஒரு பக்கத்தில் ‘டோகோனோமா’ என்ற ஆழமற்ற மாடத்தை அமைத்து, அதிலே ஒரு சித்திரச் சுருளைத் தொங்கவிட்டு, அருகில் ஒரு மலரலங்காரத்தை மட்டும் வைத்து, பருவம் மாறும்போது அவற்றையும் மாற்றிவிடுவது அவர்கள் சம்பிரதாயம். வைக்கோலினால் ஆகிய ‘தத்தாமி’ விரிப்பின் மீது அமர்ந்தும் படுத்தும் பழகியவர்களாதலால், அறையில் ஏராளமான தளவாடங்களுக்கு அவசியமில்லாமற் போயிற்று. பாயில் அமர்ந்து உண்டு, பாயில் உறங்கிப் பழகிய நமக்கு இதில் அந்நியமானது சிறிதுதான். இருக்கிற படங்களையும் பொம்மைகளையும் ஒரே சமயத்தில் சுவரெங்கும் நிறைக்காமல், பெட்டியில் வைத்திருந்து முறைமாற்றி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால், ஒவ்வொன்றின் அழகும் அதற்குரிய கவனத்தைப் பெறும்.

நம் நாட்டிலேயே தோன்றியது என்ற காரணத்தால் செட்டிநாட்டுப் பாணி எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று கருதுவோரும் உண்டு. காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய மாளிகைகள், பர்மா, மலேயா, இலங்கை ஆகிய தேசங்களில் அவர்கள் நடத்திய வாணிபத்தின் செழிப்பிலே எழுந்தவை. பர்மாத் தேக்கினால் ஆகிய தூண்களும், இத்தாலியச் சலவைக் கற்களும் அந்த வாணிபத்தின் வழியே வந்து சேர்ந்தன. சுண்ணாம்புச் சாந்தோடு முட்டையின் வெண்கருவைச் சேர்த்துப் பூசி, மெருகேறத் தேய்த்த சுவர்கள், கோடைக்காலத்திலும் தொட்டால் குளிர்ந்திருக்கும். இவ்வளவு கருந்தேக்கு இருந்தும் அந்த வீடுகள் இருண்டு தோன்றாமைக்குக் காரணம், நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் முற்றமே. மழையையும் வெயிலையும் காற்றையும் வீட்டுக்குள்ளே அழைத்துவரும் அந்த முற்றத்தை விட்டுவிட்டு, பத்தடி உயரக் கூரையுள்ள ஓர் அடுக்குமாடிக் கூடத்தில் தூண்களை மட்டும் நிறுத்தினால், இடமும் குறையும், இருளும் சேரும்.

ஆயினும் அந்தப் பாணியிலிருந்து சிறிய வீடும் தாராளமாகப் பெற்றுக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. அது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். ஒரு கண்ணாடித் தகட்டின் மீது உலோக அச்சை வைத்து, பூவுக்கும் இலைக்கும் உரிய பிரிவுகளில் வெவ்வேறு நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி எடுத்தபின் அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்னர்ச் சாந்து நிரப்பிச் சமன்செய்து காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுகிற வேலையே இல்லை. கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும் பக்கம் அதன் வழவழப்பைத் தானும் பெற்றுவிடுகிறது. வருஷக்கணக்கில் துடைத்து, நடந்து, புழங்கப் புழங்க அந்த மெருகு கூடுகிறது. இத்தகைய தரையைப் போட்டவர்கள், சுவர்களையும் திரைகளையும் ஒரே நிறத்தில் அடக்கமாக விட்டுவிடுவது உத்தமம்; தரையும் சுவரும் ஒருங்கே சித்திரமானால் கண்ணுக்கு ஓய்விடம் இராது.

ஆகவே பாணியைத் தேர்ந்தெடுக்க முற்படுகிறவர், படங்களைப் புரட்டுவதற்கு முன்னால் தம் வீட்டையே நிதானமாகக் கவனிக்க வேண்டும். காலையில் எந்த அறைக்கு வெயில் வருகிறது, பிற்பகலில் எது கொதிக்கிறது, காற்று எந்த ஜன்னல் வழியாக நுழைந்து எதன் வழியாக வெளியேறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பாதி முடிவுகள் தாமாகவே அமைந்துவிடும். சுவருக்கு நினைத்த வர்ணத்தை முதலில் இரண்டு அடிச் சதுரத்துக்கு மட்டும் பூசி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும். கடற்கரை ஊராயின் உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். மழைக்காலத்து ஈரத்தைக் கனத்த கம்பளங்கள் உறிஞ்சிக்கொண்டு நாற்றமடிக்கும். அத்தகைய ஊர்களில், தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரையினால் நெய்த பத்தமடைப் பாய்க்கு ஈடான விரிப்பு வேறில்லை.

அடுத்தபடி, வீட்டில் வசிப்பவர்களைக் கருத வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் தாழ்வான இருக்கைகளும் வழுக்கும் தரையும் தினசரி வேதனைக்கு இடமாகும். நுண்ணிய கொத்துவேலையுள்ள தளவாடங்களும் திறந்த அலமாரிகளும், நாள்தோறும் தூசி தட்டுவதற்கு ஆளும் அவகாசமும் இருந்தாலொழியப் பொலிவிழந்துவிடும். பாட்டனார் காலத்து ஊஞ்சலோ, தாயார் கொண்டுவந்த குத்துவிளக்கோ, தேக்கு அலமாரியோ வீட்டில் இருக்குமானால், புதிய பாணிக்கு ஒவ்வாது என்று அவற்றை விற்றுவிடாமல், அவற்றிலிருந்தே அலங்காரத்தைத் தொடங்குவது விவேகம். எல்லாப் பொருள்களும் ஒரே பாணியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. இரண்டு மூன்று நிறங்களும் ஒரே வகை மரமும் அறைக்கு அறை தொடர்ந்து வந்தால், பல காலத்துப் பொருள்களும் ஒரு குடும்பத்தைப் போல ஒற்றுமைப்பட்டுவிடும்.

செலவிலும் ஒரு கிரமம் உண்டு. தரை, மின்கம்பிகள், விளக்குகளுக்குரிய இடங்கள் ஆகியவை பிறகு மாற்றுவதற்கு அரியவை என்பதால், பணத்தையும் யோசனையையும் முதலில் அவற்றுக்கே செலுத்த வேண்டும். திரை, மெத்தையுறை, படம் முதலியவற்றைக் குடிபுகுந்த பின்னர்ச் சாவகாசமாக வாங்கலாம். ஓர் அறையை முடித்து, அதில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வாழ்ந்து பார்த்துவிட்டு மற்ற அறைகளுக்குச் செல்லுகிறவர்கள் ஏமாற்றம் அடைவதில்லை. அவ்வாறு வாழ்ந்து அறிந்த தேவைகளிலிருந்து உருவாகும் அலங்காரத்துக்குப் பெயர் சூட்ட முடியாமற் போகலாம். ஆனால் அந்த வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பாணி வேறொன்று இருக்க முடியாது.