ஒரே தகடு, பல நிறம்

ஒரே தகட்டிலிருந்து, ஒரே அழுத்தில், பல நிறங்கள் எப்படி வரும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பார்த்தது கிருஷ்ணா ரெட்டியின் அச்சுப்படங்களை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ரெட்டி 1925இல் சித்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். சென்னை கலாக்ஷேத்ராவில் சில காலம் ஓவியம் கற்பித்தார். பின்னர் லண்டன், பாரிஸ். பாரிஸில் ஸ்டான்லி ஹேட்டரின் ‘அத்தெலியே 17’ பட்டறையில், ஹேட்டர், சக கலைஞர் கைக்கோ மோத்தி ஆகியோரோடு சேர்ந்து, ஒரே தகட்டில் பல நிறம் எடுக்கும் இந்த முறைக்கு உருக்கொடுத்தார்.

அமிலம் கொண்டு தகட்டை அரிக்கும் எச்சிங் பழைய கலைதான். நிறத்துக்கொரு தகடு என்று செய்து, விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது வழக்கம். ரெட்டி சிற்பம் பயின்றவர். தகட்டை மேடும் பள்ளமுமாகப் பல மட்டங்களில் குடைந்துவிடுவார். முதலில் ஆழமான கோடுகளில் மையை அப்பி, மேற்பரப்பைத் துடைத்தெடுக்க வேண்டும். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் தாராளமாகச் சேர்த்த இளகிய மையைக் கெட்டியான ரப்பர் ரோலரால் உருட்டினால், அது மேட்டில் மட்டும் படியும். பிறகு எண்ணெய் குறைந்த இறுகிய மை. அதற்கு மெத்தென்ற ரோலர். அழுத்தி உருட்டும்போது அது பள்ளத்துக்குள்ளும் இறங்குகிறது. ஆனால் மேட்டிலிருக்கும் இளகிய மையின் மேல் ஒட்டுவதில்லை. கல்லில் எண்ணெய் அதிகமானால் தோசை மாவு பிடிக்காமல் கரண்டியோடு வந்துவிடுமே, அப்படி. மையின் பாகுத்தன்மை செய்யும் வேலை இது. இரண்டு நிறங்களும் கலங்காமல் புள்ளி புள்ளியாக அருகருகே நிற்க, பார்க்கிற கண்தான் அவற்றைக் கலந்துகொள்கிறது.

அவர் படங்களில் சுழல், அலை, விதை, பூ எல்லாம் கிராமத்தில் கண்டவைதாம். ஆனால் கண்டதன் படமாக மட்டும் நிற்காமல், உயிர்களை இயக்கும் விசையின் குறியீடாகிவிடுகின்றன. 1968இல் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியைக் கண்டு ‘போராட்டக்காரர்கள்’ செய்தார். பிற்காலத்து ‘பெரும் கோமாளி’யில், ஒரே தகட்டுக்கு வேறு வேறு நிறம் ஏற்றி, அச்சுக்கு அச்சு வேறு மனநிலையைக் கொண்டுவந்தார்.

இத்தனை உழைப்பையும், ஓவியத்தை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் எடுத்த பிரதியையும் சிலர் ஒரே தட்டில் வைத்து விலை பேசுகிறார்கள். அது எனக்கு வருத்தம். இயந்திரத்தின் மேல் குறையில்லை. ரெட்டியே ரோலரின் மென்மையையும் மையின் பாகுத்தன்மையையும் இவ்வளவு நம்பியவர்தானே. தகட்டைத் தொடாமலே தகட்டின் மதிப்பைக் கேட்பதுதான் தவறு. ஓவியக் கல்லூரி மாணவர்கள் கணினியோடு எச்சிங் அச்சுப்பொறியையும் பழக வேண்டும். ஈரத்தாளை விரித்து, கம்பளி போர்த்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை கண்காட்சியில் இப்படியொரு படம் கண்ணில் பட்டால், பக்கவாட்டில் நின்று வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் தகடு அழுந்திய தடம் தெரியும். ஆழமாகக் குடைந்த இடங்களில் தாளே புடைத்து நிற்கும்.