பழைய ஜீப்புக்குப் புதிய டயர்

கேரளத்துச் சூரியநெல்லியில் தொடங்கி, எல்லை கடந்து, தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகின்ற பாதையில், 7000 அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தை எட்டும்வரை, பெயர்ந்து கிடக்கும் பாறைத் துண்டுகளும் மழைநீர் அறுத்த பள்ளங்களும் சேறும் மாறி மாறி வருவதால், ஜீப்பைத் தவிர வேறு வண்டிகள் அங்கே பிரயாணம் செய்வதில்லை. அதே ஜீப், மலையிறங்கிய பிறகு, சின்னக்கானல் வழியாக மூணாறுக்கோ, போடிமெட்டின் வளைவுகளில் இறங்கிப் போடிநாயக்கனூருக்கோ, மழையில் பளபளக்கும் தார்ச்சாலையில் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே ஓடியாக வேண்டும். முற்றிலும் வேறான ஸ்வபாவமுடைய இந்த இரண்டு தரைகளுக்கும் ஒரே டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான், முப்பது நாற்பது வயதான நான்கு சக்கர இயக்க வண்டியைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சில வருஷங்களுக்கு ஒருமுறை எழுகின்ற கேள்வி.

கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது டயரின் மேற்பரப்பிலுள்ள பட்டனைத்தான். ஆழமாகவும் அகலமாகவும் வெட்டப்பட்ட பட்டன் முரட்டுத்தனமாகத் தோற்றமளிப்பதால், அதுவே சகல சங்கடங்களுக்கும் பரிகாரம் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. என் அபிப்பிராயத்தில், பழைய வண்டியைப் பொறுத்தவரை, பட்டன் கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம். முதலில் யோசிக்க வேண்டியது வண்டியின் அடியில், கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி இணைத்து விற்கத் தொடங்கியது முதல் வெகுகாலம் வரை வந்த வண்டிகளில், வளைவுகளில் இடச் சக்கரமும் வலச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு இடங்கொடுக்கும் டிபரன்ஷியல், முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் ஒன்றும் உண்டே தவிர, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அப்படி எதுவும் கிடையாது. கியர் பெட்டிக்குப் பின்னாலுள்ள டிரான்ஸ்பர் கேஸின் லீவரைத் தள்ளி நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைக் கொடுத்த கணத்திலிருந்து, முன்னால் போகும் ஷாப்டும் பின்னால் போகும் ஷாப்டும் இம்மியும் வித்தியாசமின்றி ஒரே வேகத்தில்தான் சுழன்றாக வேண்டும். இப்போது, பழைய ஜீப்புக்கு உரிய 6.00-16 அளவுள்ள டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் தூரம் உருளுகிறது என்று வைத்துக்கொண்டு, முன்னால் தேய்ந்த ஜோடியையும் பின்னால் புது ஜோடியையும் மாட்டிய ஒரு வண்டியை நினைத்துப் பாருங்கள். பட்டனில் 4 மில்லிமீட்டர் தேய்ந்தாலே சக்கரத்தின் ஆரம் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்; அதனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன் சக்கரங்கள் பத்து மீட்டருக்குக் குறையாமல் பின்தங்க, நான்கு சுற்றுக்கு மேற்பட்ட அந்தப் பாக்கி எங்கேயாவது தீர்க்கப்பட வேண்டும். சேற்றிலும் சரளையிலும் டயர் சற்றே வழுக்கி அந்தப் பாக்கியைத் தீர்த்துவிடுகிறது. பிடிப்புள்ள தரையில் வழுக்க வழியில்லாமல், முறுக்கு முழுவதும் ஷாப்டுகளிலும் கியர்ப் பற்களிலும் போய்ச் சேர, லீவர் பின்னுக்கு வர மறுத்து இறுகிக்கொள்கிறது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் அறிந்த அந்த இறுக்கத்துக்குப் பல சமயங்களில் கியர் பெட்டியின் மீது பழி விழுகிறது; உண்மைக் காரணமோ டயரில் இருக்கக்கூடும்.

இதைப் பரீட்சித்துப் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவு காற்று வைத்து, சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, வண்டியை நேராகத் தள்ளி, டயரின் கோடு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு போட்டு, இடைத்தூரத்தை அளவுநாடாவால் அளந்தால் போதும். நான்கு சக்கரங்களுக்கும் இந்தத் தூரம் அநேகமாக ஒன்றாக இருக்க வேண்டும்.

அளவை மாற்றிப் பெரிய டயர் போடும் ஆசையையும் இந்த இடத்திலேயே விசாரித்துவிடலாம். விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பழைய டிரம் பிரேக்கின் நிறுத்தும் வலிமை அதே விகிதத்தை ஒட்டிக் குறையும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும். முன் சக்கரங்கள் திரும்புவதற்கான கிங்பின்னும் வீல் பேரிங்கும் தாங்கள் வடிவமைக்கப்பட்ட சுமைக்கு மேல் சுமந்து சீக்கிரமே ஆட்டம் காணும். லாபம் என்று பார்த்தால், அச்சின் அடிப்பாகம் கல்லில் இடிக்காமல் ஓரிரண்டு விரற்கடை உயர்வதுதான். அகலத்தைக் கூட்டுவதும் நம் மலைச் சேற்றில் அவ்வளவு பிரயோஜனமில்லை; மணலில் அகல டயர் மிதந்து செல்லும் என்பது மெய்யானாலும், மேலே நாலு அங்குலம் குழைந்து அடியில் கெட்டியாக இருக்கும் தோட்டத்துப் பாதைகளில், குறுகிய டயர்தான் சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையைப் போய்ப் பற்றுகிறது.

பட்டனைவிடப் பெரிய வித்தியாசத்தைச் செய்வது காற்று. ஆட்களோடு 1400 கிலோ எடையுள்ள ஜீப்பில் ஒரு சக்கரத்தின் பங்கு 350 கிலோ. டயரில் 25 பவுண்டு காற்று இருந்தால், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1¾ கிலோ அழுத்தம் இருந்தால், அந்தச் சுமையைத் தாங்கத் தரையோடு ஒட்டும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் வேண்டும். காற்றை 18 பவுண்டாகக் குறைத்தால் அதே பரப்பு 275-க்குப் போகிறது. பக்கச்சுவரின் விறைப்பும் சிறிது சுமையைத் தாங்குவதால் கணக்கு துல்லியமாக ஒத்துவராது. எனினும் தத்துவம் இதுவே. விரியும் பரப்பும் பெரும்பாலும் நீளவாக்கில் விரிவதால், அதிகப் பட்டன்கள் வரிசையாகத் தரையைப் பிடிக்கின்றன; இளகிய ரப்பர் கல்லின் முனைக்கு வளைந்துகொடுத்து அதைத் தழுவிச் செல்கிறது. ஆனால் ட்யூப் போட்ட டயரில் இதற்கும் கீழே இறங்குவது அபாயம். ரிம்மின் மேல் டயர் மெல்லச் சுழன்று, ட்யூபையும் இழுத்து, வால்வின் அடியை அறுத்துவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றைத் திரும்ப நிரப்பாமல் வேகமாக ஓட்டினாலோ, பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து உஷ்ணமேறி, உள்ளே நூலும் ரப்பரும் பிரியத் தொடங்கும். பழைய ரிம்களில், டயரின் விளிம்பை விலகாமல் பிடித்து நிறுத்தும் சிறு மேடு இருப்பதில்லையாதலால், அவற்றில் ட்யூப்லெஸ் டயரை ட்யூப் இல்லாமல் ஓட்டும் வழக்கத்தை யாரும் மேற்கொள்ளக் கூடாது.

காற்றுக்கு அடுத்தது டயரின் உள்ளமைப்பு. பிரான்ஸின் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்கு 1946-லேயே காப்புரிமை கோரியிருந்தாலும், நம் ஜீப்புகள் வெகுகாலம் ஓடியது நைலான் டயர் என்று கடைக்காரர்கள் சொல்லும் பழைய குறுக்கு நூல் டயரில். நாடாக்கட்டிலின் பின்னலைப் போல நூலடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் அந்த அமைப்பில் பக்கச்சுவர் தடித்திருப்பதால், கூர்ங்கல்லின் வெட்டைத் தாங்கும் யோக்கியதை அதற்கு உண்டு. பக்கச்சுவரில் விழுந்த வெட்டுக்குப் பஞ்சர் கடையில் நம்பகமான வைத்தியம் இல்லை என்பதால் இது அற்ப விசேஷமல்ல. ரேடியலில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓட, பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருப்பதால், பக்கச்சுவர் மெலிந்தாலும், தரையைத் தொடும் பாகம் சுருங்கி நெளியாமல் படிகிறது. உஷ்ணமும் தேய்மானமும் குறைகின்றன; தார்ச்சாலையில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் வண்டி நேர்மையாகக் கட்டுப்படுகிறது. நாள் முழுவதும் கற்பாதையிலேயே உழலும் வண்டிக்குக் குறுக்கு நூல் டயரும், பாதிக்கு மேல் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு ரேடியலும் தகும். இரண்டையும் ஒரே வண்டியில் கலப்பதற்கு மட்டும் நான் எக்காரணத்தாலும் சம்மதிக்க மாட்டேன்.

பட்டனுக்கு இப்போது வருகிறேன். ரப்பர், சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்தி விடுபடும்போது, வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தராமல் ஒரு பங்கை உஷ்ணமாக்கிவிடுகிறது. அந்த நஷ்டம், நாம் பிடிப்பு என்று அனுபவிக்கும் குணத்தின் முக்கியமான ஒரு பகுதி. நடுவே நீர் நின்றால் ரப்பர் அப்படி அழுந்த முடியாது; ஆகையால் ஈரத் தாரில் வேண்டியது, நீரை விலக்கும் கால்வாய்களும், எஞ்சிய நீர்ப்படலத்தை அறுக்கும் மெல்லிய கீறல்களும், அவற்றுக்கிடையே தாராளமாகத் தரையைத் தொடும் ரப்பரும். எம்.டி. என்று விற்கப்படும் சேற்று டயரில், சேற்றை உதறுவதற்காகவே இடைவெளி பெரிதாக விடப்பட்டிருப்பதால், தாரைத் தொடும் ரப்பர் குறைகிறது. தனித்தனியாக நிற்கும் பெரிய பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போது நெளிகின்றன. மழை நாளில், லாரிக்குப் பின்னால், பழைய டிரம் பிரேக்கோடு மலையிறங்குகிறவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தார்ச்சாலை டயருக்கும் சேற்று டயருக்கும் நடுத்தரமாகச் செய்யப்படும் ஏ.டி. டயர், சேற்றில் சற்றே சிரமப்பட்டாலும், நான்கு சக்கர இயக்கமும் குறைந்த காற்றும் துணைநின்றால், சாமான்யமான தோட்டத்துப் பாதைகளில் காலை வாரிவிடாது.

வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வரும் பழைய வண்டிகளில், டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடுகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தாக்க, பக்கச்சுவரிலும் பட்டன்களின் இடுக்கிலும் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பட்டன் மட்டுமே. அதைப் போல ஐந்து மடங்கு பட்டன் மீதமிருந்தும் நம்பத்தகாத டயர்கள் உண்டு. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைப் படியுங்கள்; 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள். பத்து வருஷத்தைத் தாண்டியதைப் பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும் கழற்றிவிட வேண்டும். புதிதென்று விற்கப்படுவதிலும் இந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்கலாகாது.

கொழுக்குமலைக்கும் போடிக்கும் ஒருசேர ஓடுகின்ற வண்டிக்கு என் சிபாரிசு, கம்பெனி விதித்த அளவிலேயே, ஒரே தயாரிப்பில், ஒரே வகை ஏ.டி. டயர்கள். இதில் ஸ்டெப்னியை விட்டுவிடக் கூடாது. மூன்று புதிய டயர்களோடு மாட்டப்படும் ஒரு மொட்டை டயர், மேலே சொன்ன முறுக்கை அந்த நிமிஷமே ஆரம்பித்துவிடும். ஐந்தையும் முறைவைத்து மாற்றி மாற்றி ஓட்டினால் ஐந்தும் சமமாகத் தேயும். ஆகவே கடைக்குப் போகும்போது ஐந்து டயருக்கே விலை கேளுங்கள்.