மருந்துச் சீட்டில் பாட்டு!

பசித்தவனுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும், நாமே பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், கலை என்பது வயிறு நிறைந்தவன் வாய் துடைத்தபின் தேடும் வெற்றிலை பாக்கு என்று முடிவு கட்டிவிட்டவர்களுக்கு, இங்கிலாந்து நாட்டுக் கட்டில் ஒன்றைக் காட்ட விரும்புகிறோம்.

ஆண்டு 1938. ஏட்ரியன் ஹில் எனும் ஓவியர் காசநோய் கண்டு, சசெக்ஸ் பகுதியின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்திருக்கிறார். காசத்தைக் கொல்லும் மருந்து அன்று இல்லை. ஓய்வு, காற்று, காத்திருப்பு — அவ்வளவுதான்! மாதக்கணக்கில் கூரையையே பார்த்துக் கிடப்பவனுக்கு, உடல் தேறுமுன் உள்ளம் செத்துவிடாதா? ஹில் பென்சிலை எடுத்தார். கட்டிலருகே கண்ணில் பட்டதை வரைந்தார். பிறகு, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அவர்களில் பலர் தூரிகையைத் தொட்டறியாதவர்கள். போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்களும் இருந்தனர். வாயால் சொல்ல மாட்டாத அச்சமெல்லாம் தாளில் வந்து விழுந்தது. 'கலை மருத்துவம்' என்ற பெயரை 1942இல் வழங்கியவர் அவரே. 1945இல் அதுபற்றி நூலும் எழுதினார்.

பழங்கதை என்பீர்களோ? 2020க்கு வாருங்கள். கொரோனா வந்துபோன பின்னும் மூச்சிரைப்பு நீங்காமல் தவித்தவர்களுக்கு, இலண்டனில் ஆங்கில தேசிய இசைநாடகக் குழுவும் மருத்துவர்களும் சேர்ந்து, இணையம் வழியே ஆறு வாரப் பாட்டுப் பயிற்சி தந்தனர். என்ன பாட்டு? தாலாட்டு! குழந்தைக்குத் தாய் பாடும் அதே தாலாட்டு. 150 பேரை வைத்துச் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டனர். மனநலம் உயர்ந்தது, மூச்சுத் திணறலும் ஓரளவு தணிந்தது. உடல்நலக் கணக்கில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்களே, அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிலாந்தில் 50 வயது கடந்த 6,710 பேரைச் சுமார் 14 ஆண்டுகள் கவனித்து, 2019இல் முடிவு சொன்னார்கள். சில மாதத்துக்கொரு முறையாவது கலைக்கூடம், அருங்காட்சியகம், நாடகம், இசையரங்கு என்று சென்றவர்களுக்கு, அறவே செல்லாதவர்களைவிட இறக்கும் அபாயம் 31 விழுக்காடு குறைவாம்.

"பணமும் ஓய்வும் உள்ளவன்தானே அரங்குக்குப் போகிறான்? நெடுநாள் வாழ்பவனும் அவன்தானே? இதில் கலைக்கென்ன புகழ்?" — நமக்கும் இந்தச் சந்தேகம் எழாமலில்லை. செல்வம், கல்வி, நோய், பழக்கவழக்கம் அனைத்தையும் கணக்கில் கொண்டு கழித்த பின்னும் நின்ற எண்ணே இந்த 31 என்கிறார்கள். ஆயினும், பார்த்துக் குறித்த கணக்கு இது. பாட்டு ஆயுளை நீட்டும் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

நம்மை உறுத்துவது வேறு. 2019 முதல் அந்நாட்டு அரசாங்க மருத்துவ சேவை, குடும்ப மருத்துவர்களோடு தனி ஊழியர்களை அமர்த்தி, தனிமையில் வாடுவோரைப் பாட்டுக் குழுவுக்கும் ஓவிய வகுப்புக்கும் அனுப்பி வருகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லோம். ஆனால் 2010க்குப் பின் அதே நாட்டில் நடந்தது என்ன? சிக்கனம் என்ற பெயரால் ஊர் மன்றங்களின் நிதியை வெட்டினார்கள். நூற்றுக்கணக்கான பொது நூலகங்கள் மூடப்பட்டன. இசையரங்குச் சீட்டு வாங்க வசதியற்றவன், காசு கொடுக்காமல் போய் உட்கார இருந்த இடம் அது! ஒரு கை சீட்டு எழுதுகிறது, மறு கை கதவைச் சாத்துகிறது. ஓவிய வகுப்புக்குப் போ என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுப் புறப்பட்ட கிழவர், எந்தக் கூரையின்கீழ் போய் அமர்வார் என்று, நிதியை வெட்டியவர்கள்தான் சொல்ல வேண்டும்.