விடியலை அறிவிக்க ஒருவர்

மதீனாப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பேறு பெற்றோருள் இருவர் பெயர் பெரிதும் பேசப்படும். ஒருவர் ஹஸரத் பிலால் (ரலி) அவர்கள். மற்றவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், கண்பார்வை அற்றவர். பின்னிரவில் பிலாலின் பாங்கு ஒலித்தாலும் நோன்பு நோற்போர் உண்பதை நிறுத்த வேண்டியதில்லை, இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும்வரை உண்ணலாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருந்தார்கள். நோன்பின் தொடக்கத்தை ஊருக்கு உணர்த்தும் பொறுப்பு, விடியலைக் காண இயலாத ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது! அது எவ்வாறு நிறைவேறிற்று? ஸஹீஹ் புகாரீயில் விடை இருக்கிறது. விடிந்துவிட்டதென்று அருகிலிருப்போர் தெரிவிப்பார்கள். அதன் பின்னரே அவர் பாங்கு சொல்வார்.

இச்செய்தியை ஜும்ஆ மேடைகளில் பலகாலும் கேட்டிருக்கிறோம். பார்வையற்றவரையும் இஸ்லாம் உயர்த்திற்று என்று பெருமிதம் கொண்டு அத்துடன் எழுந்து வந்துவிடுகிறோம். விடியலைச் சொன்ன அந்தப் பெயர் தெரியாத மனிதரை நினைப்பதில்லை. அவர் இன்றேல் அப்பணியும் நடந்திராது. உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாட்டுடன் பிறந்து, இன்று பள்ளிப் பருவத்தை எட்டியிருக்கும் நம் மஹல்லாப் பிள்ளைகளுக்கு இல்லாதிருப்பது அந்த மனிதர்தாம்.

சட்டம் இல்லாமலில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு, 6 வயதிலிருந்து 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை உண்டு. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணிபுரிகிறார்கள். கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கல்வி பெறலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. தமிழக அரசு மிகுதியும் பாதிக்கப்பட்டோருக்கு அளிக்கும் மாதப் பராமரிப்பு உதவித்தொகையும் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

வீட்டிலிருந்தே கல்வி என்னும் ஏற்பாட்டைப் பற்றி ஒரு சொல். அது தேவையானது, ஆயினும் எளிதில் சாக்காகிவிடக் கூடியது. நடக்க இயலாத பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்று பள்ளியும் நினைக்கிறது, உறவினரும் நினைக்கிறார்கள். திருமணத்திற்குக் காத்திருக்கும் மூத்த மகளை எண்ணிச் சில இல்லங்களில் பெற்றோரே அவ்வாறு நினைப்பதும் உண்டு. இவ்விடத்தில் நபிமொழித் தொகுப்புகளிலிருந்து இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

தம்மை அழைத்துவரத் தக்க துணை இல்லாமையால் வீட்டிலேயே தொழுதுகொள்ள இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டார்கள். பாங்கோசை உமக்குக் கேட்கிறதா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். கேட்கிறது என்றதும், அவ்வாறாயின் வருக என்றார்கள். மற்றொருவர் இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள். அவர்களுக்கும் பார்வை மங்கிவிட்டது. மழை பெய்தால் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் பெருகி வழியை அடைத்துவிடும். தம் இல்லத்திற்கு வந்து ஓரிடத்தில் தொழுது தருமாறும், அவ்விடத்தையே தம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாகவும் அவர்கள் வேண்டினார்கள். மறுநாள் பொழுது ஏறிய வேளையில் அபூபக்கர் (ரலி) அவர்களுடன் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வந்தார்கள். அமர்வதற்கு முன்பே, எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று வீட்டுக்குரியவரிடம் கேட்டார்கள்.

ஒருவர் வெளியே அழைக்கப்பட்டார். மற்றவரிடம் சபையே சென்றது. யாருக்கு எது என்பதை அவரவர் நிலை தீர்மானித்தது; ஊராரின் வசதி தீர்மானிக்கவில்லை. நம் ஊர்களிலோ பிள்ளை வெளியே வருவதும் இல்லை. நாம் உள்ளே செல்வதும் இல்லை.

இதற்கிடையே முழுப் பாரத்தையும் சுமப்பவள் தாய். மூளை முடக்குவாதம் கொண்ட பிள்ளைக்கு உடற்பயிற்சி அன்றாடம் வேண்டும்; மாதம் ஒருமுறை மையத்துக்குச் சென்றுவருவது மட்டும் போதாது. விட்டுவிட்டால் தசைகள் இறுகிக் கைகால்கள் மடங்கிவிடும். பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து பேருந்தில் ஏறி, வரிசையில் நின்று, சான்றிதழ் பெற்று, அடையாள அட்டைக்கு மீண்டும் ஒருநாள் அலைந்து திரும்பும் அப்பெண்மணியின் மற்றப் பிள்ளைகள் அன்று பசியோடு காத்திருப்பார்கள். தகப்பனார் வளைகுடா நாட்டில் இருப்பார். வீட்டார் கேட்பது பல வேளைகளில் பணமன்று. உடன்வர ஓர் ஆள், அல்லது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு மணி நேரம்.

வீடு தேடிச் செல்லும் சேவை எப்படி இயலும் என்பதற்குத் தென்காசியை அடுத்த ஆய்க்குடி சான்று. 1975ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விபத்துற்றுக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், 1981ஆம் ஆண்டில் தம் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் அவை அவ்வாண்டை உடல் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரையே சங்கத்துக்குச் சூட்டினார். சிறு பள்ளியாக முளைத்த அச்சங்கம் பின்னர்க் கிராமங்களுக்குள் நடந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளையை எவ்வாறு உட்கார வைப்பது, எவ்வாறு ஊட்டுவது, குளிப்பாட்டும்போதே கைகால்களை எவ்வாறு நீட்டி மடக்குவது என்று தாய்க்குக் கற்பிக்கிறார்கள். திரு. இராமகிருஷ்ணன் அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் ஜமாஅத்துகள் வாளாவிருப்பதாகச் சொல்ல மாட்டோம். ரமளான் வந்தால் பைத்துல்மாலிலிருந்து சக்கர நாற்காலிகள் வழங்கப்படுகின்றன, படமும் எடுக்கப்படுகிறது. அந்த நாற்காலி பள்ளிவாசல் வாயிற்படி வரையில் வரும். அதற்குமேல் படிகள். ஒளுச் செய்யும் ஹவுளுக்கும் படிகள். சாய்தளம் அமைக்கச் சில மூட்டைச் சிமெண்டும் ஒரு கொத்தனாரும் போதும். நாற்காலி வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி!

மதரஸாவிலும் இதே நிலைதான். பகலில் அரசுப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமரும் சிறுவன், மாலையில் ஓதப்பள்ளிக்கு வருவதில்லை. அறிவு முதிராதவர் மீது மார்க்கம் கடமைகளைச் சுமத்தவில்லையே என்று சிலர் சமாதானம் சொல்லக் கேட்டிருக்கிறோம். சுமை நீக்கப்பட்டது அவனிடம் கேள்வி கேட்கப்படாமல் இருப்பதற்கே. சபையில் அவனுக்குள்ள இடத்தைப் பறிப்பதற்கு அன்று. ஸலாம் சொல்லவும், பிஸ்மி சொல்லி உண்ணவும், ஸஃப்பில் தம்பியின் பக்கத்தில் நிற்கவும் அவனால் கற்க முடியும். ஆலிம்சாவுக்கு இதற்கெனச் சிறிது பயிற்சி வேண்டும். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை ஒருநாள் அழைத்துக் கேட்டால் வழி சொல்வார்.

முதற்காரியம் ஒரு குறிப்பேடு. திருமணப் பதிவேட்டையும் சந்தாக் கணக்கையும் ஒழுங்காக வைத்திருக்கும் ஜமாஅத், தன் மஹல்லாவில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர், யார் பள்ளி செல்கிறார், யாருக்கு அடையாள அட்டை இல்லை என்பதையும் எழுதி வைக்கலாம். வீடு வீடாகச் செல்லப் பெண்கள் இருவர் பொறுப்பேற்றால், ஆடவரிடம் சொல்லத் தயங்குவதைத் தாய்மார் அவர்களிடம் சொல்வார்கள்.

தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்பது, தம் கண் மூடிய பின்னர் இப்பிள்ளைக்கு யார் என்பதே. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியன உடையோர் 18 வயதை எட்டியதும், அவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. பிள்ளைக்கு 17 நடக்கும்போதே விசாரித்து வைப்பது நலம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். உடன் செல்ல ஓர் ஆள் மட்டும் வேண்டும்.