பி.எஃப். பிடிக்கிறார்கள், பென்ஷன் எவ்வளவு வரும்?

ஓய்வுக்காலத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று தனியார் கம்பெனி ஊழியர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அம்பத்தூரானாலும் ஓசூரானாலும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "அதான் பி.எஃப். பிடிக்கிறாங்களே, பென்ஷன் வரும்." வரும் என்பது சரி. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் உங்களிடம் பிடிக்கப்படுகிறது. கம்பெனியும் 1,800 போடுகிறது. ஆனால் அந்த இரண்டாவது 1,800 முழுதாக உங்கள் பி.எஃப். கணக்குக்கு வராது. 8.33 சதவீதமான 1,250 ரூபாய், 1995 நவம்பரில் தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மிச்சம் 550-தான் பி.எஃப்.புக்கு வரும். பாஸ்புக்கில் தனிப் பத்தியில் நிற்கும் பென்ஷன் தொகைக்கு வட்டியே ஏறவில்லையே என்று பதறுகிறவர்கள் உண்டு. அது சேமிப்பு அல்ல, பென்ஷனுக்குக் கட்டும் சந்தா. அதற்கு வட்டி கிடையாது.

பென்ஷன் கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை, சந்தா கட்டிய வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் ஐம்பதாயிரமாக இருந்தாலும் இந்தக் கணக்குக்கு 15,000-தான். 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு அது. (கூடுதல் பென்ஷனுக்கு விண்ணப்பித்து ஏற்கப்பட்டவர்கள் கதை தனி.) 20 வருடம் முடித்தவருக்கு இரண்டு வருடம் போனஸாகச் சேர்ப்பார்கள். ஆக, 30 வருடம் உழைத்தவருக்கு 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 6,857 ரூபாய். ஆயுள் முழுக்க மாதம் அவ்வளவுதான். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. அரசு ஊழியர் பென்ஷனைப் போல அகவிலைப்படி இதற்குக் கிடையாது.

இதுவும் இனி சேருகிறவர்களுக்கான கணக்கு. 2014 செப்டம்பருக்கு முந்தைய வருடங்களுக்கு உச்சவரம்பு 6,500 மட்டுமே. அதற்கு முன் பத்து வருடமும் பின் பத்து வருடமும் வேலை பார்த்தவருக்கு மாதம் 3,000-க்கும் 3,500-க்கும் இடையில் வரும். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று அதே 2014-இல் அறிவித்தார்கள். ஓய்வூதியர்கள் அதை உயர்த்தச் சொல்லி வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். இளைஞர்களுக்கு இன்னொரு செய்தி: 2014 செப்டம்பருக்குப் பிறகு, முதல் வேலையிலேயே 15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தவருக்கு இந்தப் பென்ஷனே இல்லை. கம்பெனியின் பங்கு முழுவதும் பி.எஃப்.புக்குப் போகும். ஐ.டி. ஊழியர்கள் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே பென்ஷனை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே நம்பத் தக்கது பென்ஷன் அல்ல, பி.எஃப். இருப்புதான். அதைத்தான் நாம் கை வைத்துக் கரைக்கிறோம்.

மேலே சொன்ன ஊழியரின் பி.எஃப்.பில் மாதம் 2,350 ரூபாய் சேருகிறது. 2024-25-க்கு அறிவித்த 8.25 சதவீத வட்டியே நீடிப்பதாகக் கொண்டால், 30 வருடத்தில் ஏறக்குறைய 34 லட்சத்து 70 ஆயிரம் ஆகும். கட்டியது எட்டரை லட்சத்துக்கும் குறைவு. இந்தத் தொகை எப்படி வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முதல் பத்து வருடம் கட்டியது, பத்தாம் வருட முடிவில் வெறும் 4.29 லட்சம். அதைத் தொடாமல் விட்டால் அடுத்த இருபது வருடத்தில் அது மட்டுமே சுமார் 21 லட்சமாகிறது. பின்னால் கட்டும் இருபது வருடப் பணம் 13.8 லட்சத்தைத்தான் தருகிறது. மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு, சம்பளமே பற்றாத இளவயதில் பிடித்த பணத்திலிருந்து வருகிறது.

வேலை மாறும்போது நம் ஆட்கள் முதலில் எடுப்பது அந்தப் பணத்தைத்தான். பழைய கம்பெனியை விட்டு வந்ததும் "பி.எஃப்.பை க்ளெய்ம் பண்ணிட்டேன்" என்பது ஒரு வழக்கமாகிவிட்டது. வண்டிக்கு முன்பணம், தங்கைக்குச் சீர், சீட்டுப் பாக்கி என்று காரணங்கள் இருக்கும். எல்லாமே பொய்க் காரணங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருடம் முடியும் முன் பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்தால், அந்தச் சேவைக்காலம் அழிந்துபோகும். 30 வருடத்தில் 9 வருடத்தை இப்படி அழித்தவருக்குப் பென்ஷன் 6,857-லிருந்து 4,929-ஆகக் குறையும். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரியும் உண்டு. புதிய கம்பெனியில், பி.எஃப். உறுப்பினர் எண்ணான அதே யு.ஏ.என்.னைக் கொடுத்து, பழைய இருப்பை மாற்றிக்கொண்டால் சேவைக்காலம் தொடரும்.

34 லட்சம் என்றதும் மனம் நிறைந்துவிட வேண்டாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரு மடங்கு. 30 வருடத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு. அன்றைய 34 லட்சம் இன்றைய ஆறு லட்சம்தான். சம்பளம் ஏறியும் பிடித்தம் 1,800-லேயே நிற்கும் கம்பெனிகளில் இந்தப் பள்ளம் இன்னும் பெரிது. உச்சவரம்பை உயர்த்தும் பேச்சு அவ்வப்போது அடிபடுகிறது, வரும்போது வரட்டும். அதுவரை ஊழியர் தாமாகவே கூடுதல் தொகை பிடிக்கச் சொல்லலாம். வி.பி.எஃப். என்று கணக்குப் பிரிவில் கேட்டால் தெரியும். அதே வட்டிதான். மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டினால் இருபது வருடத்தில் 5.8 லட்சத்துக்கு மேல் சேரும். உங்கள் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் மட்டுமே மிகுதிக்கான வட்டிக்கு வரி.

ஓய்வு பெறும்போது கைக்கு வரும் செட்டில்மென்ட் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே உரிமையாளர்கள் இருப்பார்கள். மாடி கட்ட வேண்டும், மகளுக்குச் செய்ய வேண்டும். அவற்றைத் தடுக்க யாராலும் ஆகாது. முன்கூட்டியே ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பேசலாம். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயதானவர் 30 லட்சம் வரை போடலாம். 2025-இல் வட்டி 8.2 சதவீதம், கணக்குத் தொடங்கிய நாளின் வட்டியே ஐந்து வருடத்துக்கும் நிற்கும். பத்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய், மாதக் கணக்கில் 6,833. முப்பது வருடச் சந்தா தரும் பென்ஷனும் ஏறக்குறைய அவ்வளவுதான். இங்கே முதலும் உங்களுடையது.

இன்னொன்று, நாமினி. திருப்பூரில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேரும் பெண் அம்மாவின் பெயரைக் கொடுத்திருப்பாள். கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது, சட்டம் அப்படி. புதிதாகக் கொடுக்க வேண்டும். பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் யு.ஏ.என்.னை வைத்து உள்ளே போய், ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்.