கேள்வி கேட்க ஓர் ஆள்

பரமேஸ்வராச் சந்தி – 17

யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே மாநாடு வந்துவிட்டது. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இங்கே நடந்தது 1974 ஜனவரி 3 முதல் 10 வரை. திருநெல்வேலியில், இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் வளாகம் திறந்தது அதே ஆண்டு ஒக்ரோபரில். மாநாட்டை முன்னின்று நடத்திய சு. வித்தியானந்தன்தான், வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரும்.

அந்த மாநாட்டின் கடைசி இரவு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் பொலிஸ் புகுந்ததும், உயிர்கள் போனதும் வருஷாவருஷம் நினைவுகூரப்படுகின்றன. அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்திய நாட்களில் உள்ளே யார் என்ன வாசித்தார்கள், எவர் எழும்பி மறுத்தார் என்று விசாரித்துப் பாருங்கள். சொல்ல ஆள் கிடைப்பது அரிது. போன வாரம் கட்டடங்களைப் பார்த்தோம். இந்த வாரம், அவற்றுக்குள் நின்று படிப்பிக்கிறவர்கள் தாங்கள் எங்கே, யாரிடம் படிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் தலைமுறைக்குப் பயிற்சிநெறி என்று ஒன்று இருக்கவில்லை. பட்டத்தோடு வந்தவரின் கையில் சோக்கைக் கொடுத்து மண்டபத்துக்கு அனுப்பினார்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். அ. துரைராஜா கேம்பிரிட்ஜில் மண்ணியக்கவியல் செய்தவர். களிமண் அமுக்கத்தில் எப்படி இளகுகிறது என்று ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் அவர் 1963இல் எழுதிய கட்டுரையை அந்தத் துறையினர் இன்றும் காட்டிப் பேசுகிறார்கள். ராஜினி திராணகம லிவர்பூலில் படித்துவிட்டுத் திரும்பி வந்து உடற்கூற்றியல் துறைக்குத் தலைவரானவர். 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளியே போய், பெரிய ஆட்களின் கேள்விகளுக்கு முகங்கொடுத்து, திரும்பி வருவதுதான் அவர்கள் கண்ட பயிற்சி. எல்லோரும் நல்ல ஆசிரியர்களாக இருந்தார்களா என்றால், இல்லை. மஞ்சள் ஏறிய குறிப்புக் கொப்பியை வரி வரியாக வாசித்து எழுதுவித்தவர்களும் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். பழைய மாணவர்கள் நாலு பேர் கூடினால் அந்தக் கதைகளுக்குக் குறைவில்லை.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் போனது. எரிபொருளுக்குத் தடை. பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்துப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். துணைவேந்தர் துரைராஜா சைக்கிளில் வந்து போனதை அந்தக் காலத்து மாணவர்கள் இப்போதும் சொல்வார்கள். கொழும்பில் ஓர் ஆய்வரங்குக்குப் போவதென்றால் பாஸ் எடுத்து, கடல்நீரேரியைத் தாண்டி, சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும்.

யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் தொடங்கியது அப்படிப்பட்ட 1991இல். வெளியே போக வழியில்லாதவர்கள் ஒருவரையொருவர் கேட்க வைப்பதற்காகப் போட்ட அரங்கு என்றே எனக்குப் படுகிறது. சமூக விஞ்ஞானத்துக்கும் அதில் இடம் இருந்தது. அதுதான் அதன் பலம்.

கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் பெரும்பாலும் குடிக்கவும் இறைக்கவும். அந்தத் தண்ணீரில் நைத்திரேற்று கூடிப்போயிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இரசாயனவியல்காரர் அளந்து அட்டவணை போடுவார். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எவ்வளவு யூரியா போடுகிறார்கள் என்று கேட்க விவசாயம் தெரிந்தவர் வேண்டும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று கேட்கச் சமுதாய மருத்துவம் படித்தவர் வேண்டும். ஒழுங்கை ஓரத்து இரண்டு பரப்புக் காணியில் குழியை வேறு எங்கே வெட்டுவது என்று கேட்கப் புவியியல்காரர் வேண்டும். நாலு பேரும் ஒரே அறையில் இல்லாவிட்டால் அது வெறும் அட்டவணை.

பயிற்சியைப் பொறுத்தவரை இப்போது நிலைமை வேறு. பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் ஊழியர் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. எல்லோரும் சொல்வது எஸ்.டி.சி. என்றுதான். தகுதிகாண் விரிவுரையாளர் நிரந்தரமாவதற்கு அதன் கற்பித்தல் பயிற்சிநெறியை முடிக்க வேண்டும். இந்தியாவில் இதே வேலைக்கு 1987 முதல் கல்வியாளர் பயிற்சிக் கல்லூரிகள் வந்தன. இங்கே உலக வங்கியின் கடன் திட்டங்களும் கைகொடுத்தன. பாடத்திட்டம் வரைவது, வினாத்தாள் அமைப்பது, பெரிய வகுப்பைக் கையாள்வது, மனம் சோர்ந்த மாணவரை அடையாளம் காண்பது என்று விஷயங்கள் நல்லவைதான். சிலைட்டை வாசிக்கக் கூடாது என்பதைச் சிலைட்டிலிருந்து வாசித்துக் காட்டிய ஒரு பட்டறையிலும் நான் இருந்திருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த நெறியில் எனக்குப் பிடித்த பகுதி நுண்கற்பித்தல். பத்து நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். வாங்கில் இருப்பவர்கள் மற்றப் பீடங்களின் விரிவுரையாளர்கள். ஒருமுறை பின்வரிசையில் இருந்து பார்த்தேன். கிளிநொச்சியிலிருந்து வந்த பொறியியல் பொடியன் ஒருவர் வளை வளைவது பற்றிப் படிப்பித்தார். பலகையில் சமன்பாடு அழகாக இறங்கியது. சங்கீதம் படிப்பிக்கிற அம்மா ஒருவர் கையை உயர்த்தினார்.

“தம்பி, வளைஞ்சால் மேல்பக்கம் சுருங்குது எண்டு சொன்னீங்கள். எனக்குக் கண்ணுக்குத் தெரியேல்லையே. எப்பிடி நம்புறது?”

தம்பி ஒரு கணம் முழித்தார். பிறகு மேசையில் கிடந்த அழிறப்பரை எடுத்து, பக்கவாட்டில் பேனையால் நெருக்கமாக நாலைந்து நேர்கோடு கீறி, இரண்டு முனையும் மேலே வரும்படி வளைத்தார். கோடுகள் மேலே ஒன்றையொன்று கிட்டின, கீழே விலகின. “நடுவிலை?” என்று அந்த அம்மா விடாமல் கேட்டார். “நடுவிலை மாறாது மிஸ். அதுதான் நான் இப்ப சொல்ல வந்த அச்சு.” அறை சிரித்தது. அந்தப் பொடியன் இனி ஒருநாளும் அழிறப்பர் இல்லாமல் அந்தப் பாடத்துக்குப் போகமாட்டார். கிளிநொச்சியில் அவருக்கு முன்னால் இருக்கப்போவது தமிழிலும் சிங்களத்திலும் ஏ.எல். செய்துவிட்டு, ஆங்கிலத்தில் முதல் விரிவுரை கேட்கும் பிள்ளைகள். சமன்பாட்டைவிட அந்த றப்பர் துண்டு அவர்களிடம் சீக்கிரம் போய்ச் சேரும்.

மாநாடுகளுக்கும் இப்போது பஞ்சமில்லை. பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வு மாநாடு 2012இல் நடந்தது. ஆங்கிலச் சுருக்கப் பெயர் ‘ஜூஸ்’. பீடங்கள் தனித்தனியாகவும் நடத்துகின்றன. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் வந்தபிறகு தமிழ்நாட்டுப் பேராசிரியர்களை அழைப்பதும் முன்னைவிடச் சுலபம். மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், பிரதம விருந்தினர், ரோல்சும் தேத்தண்ணியும். பிறகு நாலு அறைகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள்.

அங்கேதான் சிக்கல். பதவி உயர்வுக்குப் புள்ளித்திட்டம் உண்டு. ஆய்வுச்சுருக்கத்துக்கு ஒன்று, முழுக் கட்டுரைக்கு ஒன்று, பெயர்பெற்ற சஞ்சிகைக்கு அதைவிடக் கூட. வாசித்தவருக்குப் புள்ளி கிடைக்கும். இருந்து கேட்டவருக்கும், இடக்கான கேள்வி போட்டவருக்கும் ஒன்றுமில்லை. ஆகவே தன்னுடைய பன்னிரண்டு நிமிஷம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கடைசியாக வாசிப்பவருக்கு முன்னால் தலைவரும், அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்கும் ஒருவரும், ஒலிவாங்கிப் பொடியனும். “கேள்விகள் ஏதும்?” என்று தலைவர் கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே நன்றி சொல்கிறார். விரிவுரையாளர்களைக் குறை சொல்லி இதற்குத் தீர்வில்லை. புள்ளியை எதற்குக் கொடுக்கிறீர்களோ அதைத்தான் செய்வார்கள். இரண்டு நாளும் இருந்து கேட்டவருக்கும், இன்னொருவரின் கட்டுரையை எழுத்தில் விமர்சித்தவருக்கும் புள்ளி கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் யாராவது கேட்க வேண்டும். அமர்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் கட்டுரைகள் குறையும். குறையட்டும்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இன்னொரு கஷ்டமும் சேர்ந்துவிட்டது. நாடு முழுவதும் விரிவுரையாளர்கள் வெளியேறுகிறார்கள். மேற்படிப்புக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. இதனால் நேற்றுப் பயிற்சிநெறி முடித்தவர் இன்று துறைப் பொறுப்பில் இருக்கிறார். முன்வரிசையில் இருந்து, “தம்பி, இந்த மாதிரி எண்ணிக்கை காணுமோ?” என்று கேட்கும் வயதுக்காரர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். இடையில் இருக்க வேண்டியவர்கள் மெல்பேணிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம்: படிக்கப் போகிறவர் கையெழுத்து வைக்கும் பிணைமுறி, அதற்குப் பிணை நின்ற சொந்தக்காரர், திரும்பாமல் விட்டால் கட்ட வேண்டிய காசு.